திறாங்குத் துவக்கு

“மேலே, பின்னே, முன்னே, கீழே.”

சாப்பாட்டு மேசையில் இடக்கையை நீட்டி வைத்து, அதன்மேல் வலக்கையால் நான்கு அசைவுகளைக் காட்டினாள் என் பெறாமகள். நோர்வேயின் வடகோடியில் உள்ள ஸ்வால்பார்டில் ஒரு பருவம் புவிச்சரிதவியல் படித்துவிட்டு அவள் ஒஸ்லோவின் ஸ்டோவ்னருக்குத் திரும்பி வந்த முதற் சனிக்கிழமை அது. வெளியே நாலு மணிக்கே இருட்டிவிட்டது. இடியப்பமும் சொதியும் ஆறிக்கொண்டிருந்தன.

“இது என்ன பிள்ளை?” என்றேன்.

“துவக்குச் சித்தப்பா. கைபிடியை மேலே தூக்கோணும், பின்னுக்கு இழுக்கோணும், முன்னுக்குத் தள்ளோணும், கீழே மடக்கோணும். அப்பத்தான் ஒரு ரவை உள்ளுக்குப் போகும். அங்க பனிக்கரடி இருக்கு. ஊரெல்லையைத் தாண்டி வேலைக்குப் போறதெண்டால் கூட்டத்தில ஆரிட்டையாவது துவக்கு இருக்கோணும். போன உடனேயே இதைத்தான் பழக்கினவை.”

அண்ணி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் திரும்பவும் உள்ளே போய்விட்டார். எங்கள் வீடுகளில் துவக்கு என்பது சத்தமாகச் சொல்லும் சொல் அல்ல. தமிழ்நாட்டில் துப்பாக்கி, யாழ்ப்பாணத்தில் துவக்கு. துருக்கி மொழியிலிருந்து வந்த ஒரே சொல்லின் இரண்டு உருவங்கள். ஆனால் எங்கள் தலைமுறைக்கு அந்த இரண்டாவது உருவத்துக்குள் சோதனைச் சாவடி, சுற்றிவளைப்பு, இரவில் கேட்கும் சப்பாத்துச் சத்தம் எல்லாம் அடங்கியிருக்கின்றன. ஸ்டோவ்னரில் பிறந்த இந்தப் பிள்ளைக்கு அது கரடிக்குப் பயந்து தோளில் போடுகிற ஒரு சாமான். அவள் அதைச் சொன்ன விதத்தில் ஒரு நடுக்கமும் இல்லை. கார் ஓட்டப் பழகியதைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

அன்றிரவு நித்திரை வரவில்லை. அந்த நான்கு அசைவுகளையும் நான் முன்பே கண்டிருக்கிறேன் என்பது படுத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. சின்ன வயதில், ஊரில் பொலிஸ் நிலையத்தின் வாசலில், மரப்பிடி போட்ட நீளத் துவக்கோடு ஒரு காவலர் நிற்பார். அதை எல்லோரும் ‘த்ரீ நாட் த்ரீ’ என்பார்கள். ஒருநாள் அவர் அதைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கைபிடியைத் தூக்கி இழுத்தார். எங்கள் வீட்டுப் படலைக்கு அடுத்த பெரிய கதவின் திறாங்கை, அதாவது தாழ்ப்பாளை, ஆச்சி இழுக்கிற அதே அசைவு, அதே சத்தம். தூக்கி, இழுத்து, தள்ளி, மடக்கி. கதவுக்குப் போடுகிற திறாங்கைத்தான் வெள்ளைக்காரன் துவக்குக்கும் போட்டிருக்கிறான் என்று அன்றைக்கு எனக்குள் ஒரு முடிவு. அந்த முடிவு பிழையில்லை என்று இப்போது தெரிகிறது. ஆங்கிலத்தில் அந்த வகைத் துவக்குக்கு உள்ள பெயரின் பொருளும் திறாங்குதான்.

இந்தத் திறாங்குத் துவக்கின் கதையில் நோர்வேக்குப் பெரிய இடம் உண்டு. முப்பது வருடத்துக்கு மேலாக இந்த நாட்டில் வாழ்ந்தும் அதை நான் அறிந்தது பெறாமகளின் கையசைவுக்குப் பிறகுதான்.

ஒஸ்லோவிலிருந்து தென்மேற்கே கொங்ஸ்பெர்க் என்று ஒரு சிறு நகரம். 1623இல் அங்கே வெள்ளி கண்டெடுத்தார்கள். அதற்கு மறுவருடம் டென்மார்க் அரசன் நகரத்தை அமைத்தான். வெள்ளிச் சுரங்கம் தளர்ந்து ஆட்கள் வேலையில்லாமல் நின்ற காலத்தில், 1814இல், அங்கே அரசாங்க ஆயுதத் தொழிற்சாலை தொடங்கியது. அந்தத் தொழிற்சாலையை 1880களில் நடத்திய படை அதிகாரி ஓலே ஹெர்மன் கிராக். அவரோடு வேலை செய்த துவக்குக் கொல்லர் எரிக் யோர்கென்சன். இரண்டு பேரின் பெயரையும் சேர்த்துத்தான் அந்தத் துவக்குக்குக் ‘கிராக்-யோர்கென்சன்’ என்று பெயர். ஒரு மேலதிகாரியின் பெயரோடு ஒரு கொல்லரின் பெயரும் ஒட்டி நிற்பது அந்தக் காலத்தில் எளிதாக நடக்கிற காரியமல்ல. அதற்காகவே எனக்கு அந்தப் பெயரைக் குறுக்காமல் முழுதாகச் சொல்ல விருப்பம்; என்றாலும் சுருக்கத்துக்காக இனிக் ‘கிராக்’ என்றே எழுதுகிறேன்.

1889இல் டென்மார்க் அதை எடுத்தது. 1892இல் அமெரிக்கப் படை எடுத்தது; தங்கள் ஸ்பிரிங்ஃபீல்ட் தொழிற்சாலையில் லட்சக்கணக்கில் செய்தார்கள். நோர்வே, தன் சொந்தப் பிள்ளையைக் கடைசியாக 1894இல் எடுத்துக்கொண்டது. நோர்வேயும் சுவீடனும் அப்போது ஒரே அரசனின் கீழ் இருந்த நாடுகள். ஆறரை மில்லிமீற்றர் விட்டமும் 55 மில்லிமீற்றர் நீளக் கோதும் கொண்ட ஒரு தோட்டாவை இரண்டு நாடுகளும் சேர்ந்து வரையறுத்தன. தோட்டா ஒன்று, துவக்கு வேறு வேறு: சுவீடன் ஜேர்மனிய மௌசரை எடுத்தது, நோர்வே கிராக்கை எடுத்தது. பதினொரு வருடம் கழித்து, 1905இல், இரண்டு நாடுகளும் பிரிந்தபோது எல்லையில் ஒரே ரவையை நிரப்பிக்கொண்டு எதிரெதிரே நின்றன. சுடாமலே பிரிந்தன. எல்லாப் பிரிவுகளும் அப்படி முடிவதில்லை.

கிராக்கின் சிறப்பு அதன் வயிற்றில். மற்றத் துவக்குகளில் ரவைக்கூடு திறாங்குக்கு நேர் கீழே தொங்கும்; ஐந்து ரவைகளை ஒரு தகட்டில் கோத்து மேலிருந்து ஒரே அழுத்தாக அழுத்துவார்கள். கிராக்கில் வலது பக்கத்தில் ஒரு சிறு கதவு. அதைத் திறந்து ஐந்து ரவைகளைக் கையால் உள்ளே போடலாம், பெட்டிக்குள் சுருட்டுப் போடுவதுபோல. கதவை மூடினால் உள்ளே இருக்கும் வில் அவற்றைத் திறாங்குக்குக் கீழாகச் சுற்றி இடது பக்கம் கொண்டுபோய் மேலே தள்ளும். திறாங்கு பூட்டியபடியே இருக்க, குழாயில் ஒரு ரவை தயாராக இருக்க, குறைந்த ரவைகளை ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டே நிற்கலாம். பனிக்குள் கைவிறைத்து நிற்கிறவனுக்கு இது பெரிய விஷயம். அதைவிட, திறாங்கு ஓடுகிற ஓட்டம். ரவை கீழிருந்து திறாங்கை அழுத்தாமல் பக்கத்திலிருந்து வருவதால் உரசல் குறைவு. நெய் பூசிய பிட்டுக்குழலுக்குள் அகப்பைக் காம்பு போவதுபோலப் போகும்.

அந்தச் சிறு கதவே அதற்கு வினையாகவும் வந்தது. 1898 ஜூலை முதலாம் திகதி, கியூபாவில் சான் யுவான் மேட்டில் அமெரிக்கர் கிராக்கோடு ஏறினார்கள். மேலே ஸ்பானியர் மௌசரோடு இருந்தார்கள். ஐந்து ரவையை ஒரே அழுத்தில் நிரப்பியவனுக்கு முன்னால், ஒவ்வொன்றாகப் போட்டவன் பின்தங்கினான். கிராக்கின் திறாங்குக்கு முன்புறம் பூட்டுப்பல் ஒன்றுதான். வெடிமருந்தின் பலத்தைக் கூட்டவும் முடியவில்லை. சில வருடங்களில் அமெரிக்கா அதைக் கைவிட்டு 1903 மாதிரி ஸ்பிரிங்ஃபீல்டுக்கு மாறியது. அது மௌசரை எவ்வளவு ஒத்திருந்தது என்றால், காப்புரிமைக்காக மௌசர் நிறுவனத்துக்கு 2 லட்சம் டொலர் கட்டவேண்டி வந்தது.

நோர்வே கைவிடவில்லை. 1940 ஏப்ரல் 9ஆம் திகதி ஜேர்மனியர் இறங்கியபோது நோர்வேப் படையின் கையில் இருந்தது கிராக்தான். வடக்கே நார்விக்கில், இடுப்பளவு பனியில், நேசநாட்டுப் படைகளோடு சேர்ந்து அவர்கள் மே 28ஆம் திகதி நகரத்தை மீட்டார்கள். சில நாட்களில் அதுவும் கைவிட்டுப் போனது. ஐந்து வருட ஆக்கிரமிப்பு. அந்தக் காலக் கிராக்குகளை மத்திய ஒஸ்லோவில், ஆக்கர்ஸ்ஹூஸ் கோட்டையில் உள்ள படை அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். ஸ்டோவ்னரில் நிலக்கீழ் ரயில் ஏறினால் அரை மணித்தியாலத்தில் நகர நடுவில் இறங்கிவிடலாம். நான் பெறாமகளைக் கூட்டிக்கொண்டு போனேன். பிடிமரத்தில் கை பட்டுப் பட்டு வந்த கருமையைக் கண்ணாடிக்கு இப்பால் நின்று பார்த்தபோது, ஊரில் அம்மிக்குழவியின் இரண்டு நுனியிலும் இருக்கும் அதே கருமை என்று தோன்றியது.

1945 மே மாதம் ஜேர்மனி சரணடைந்தபோது நோர்வேயில் மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட ஜேர்மன் படையாட்கள் நின்றார்கள். அவர்கள் விட்டுப்போன மௌசர்கள் மலைபோலக் குவிந்தன. போர் முடிந்த நாடு, காசில்லை, புதிய படை கட்டவேண்டும். பகைவன் விட்டுச் சென்ற துவக்கையே எடுத்து, அமெரிக்கத் தோட்டாவுக்குப் பொருந்தப் புதுக் குழாய் மாட்டிப் படைக்கும் 1946இல் தொடங்கிய ஊர்க்காவற் படைக்கும் கொடுத்தார்கள். தரைப்படை, வான்படை, கரையோரப் பீரங்கிப்படை என்று எது எவருக்கென நோர்வேஜிய எழுத்துகளைப் பொறித்தார்கள். ஜேர்மன் கழுகு முத்திரை பலவற்றில் அப்படியே இருந்தது. பிறகு கொங்ஸ்பெர்க் தொழிற்சாலை அந்த மௌசர்களின் உடலை எடுத்துப் போட்டித் துவக்கு செய்தது.

இந்த மௌசர்கள் எங்கே போயின என்பதுதான் பெறாமகள் சொன்ன கதையில் என்னை உலுக்கிய பகுதி. ஸ்வால்பார்டின் லொங்யர்பியனில் கரடிப் பாதுகாப்புக்கு வாடகைக்குக் கிடைக்கும் துவக்குகளில் இந்தப் பழைய ஜேர்மன் மௌசர்கள் நெடுங்காலம் இருந்திருக்கின்றன. ஐரோப்பாவை அழிக்கச் செய்த இரும்பு, எண்பது வருடம் கழித்து, பனிப்பாறையில் கல் பொறுக்கப் போகும் மாணவர்களைக் கரடியிடமிருந்து காக்க நிற்கிறது. அங்கே கடை வாசல்களில் துவக்கோடு உள்ளே வரக்கூடாது என்று படம் போட்டு ஒட்டியிருக்கும். யாழ்ப்பாணத்துக் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுவதுபோல அவர்கள் துவக்கைக் கழற்றுகிறார்கள் என்றாள் பெறாமகள்.

ஸ்டோவ்னரைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். இது ஒரு காலத்தில் பண்ணை நிலம்; ஸ்டோவ்னர் என்பதே ஒரு பண்ணையின் பெயர். 1948இல் ஆக்கர் நகராட்சி ஒஸ்லோவோடு இணைந்தபோது இந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் நகரத்துக்குள் வந்தது. 1974இல் நிலக்கீழ் ரயில் வந்தது, அடுத்த வருடம் கடைத்தொகுதி வந்தது, அடுக்குமாடிகள் எழும்பின. எங்கள் ஆட்களில் பலர் வடக்கே ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலைகளில் கத்தி பிடித்துக் காலந்தள்ளி, பிறகு தெற்கே வந்து இந்தக் குரூறுத் பள்ளத்தாக்கில் குடியேறினார்கள். நானும் அப்படி வந்தவன்தான். அடுத்த தரிப்பிடமான ரொமனில் சனிக்கிழமைகளில் அன்னை பூபதி தமிழ்க் கலைக்கூடம். 1988இல் மட்டக்களப்பில், கையில் ஓர் ஆயுதமும் இல்லாமல், உண்ணாமல் இருந்து உயிர்விட்ட ஒரு தாயின் பெயர் அது. பெறாமகள் தமிழ் எழுதப் பழகியது அங்கேதான். துவக்கு என்ற சொல்லை எழுத்துக்கூட்டிப் படித்ததும் அங்கேயாகத்தான் இருக்கும்.

எங்கள் கட்டடத்தின் மேல்மாடியில் ஒரு நோர்வேஜியப் பெரியவர். லொறி ஓட்டி ஓய்வு பெற்றவர். இருபது வருடமாகப் படிக்கட்டில் கண்டால் தலையாட்டிக்கொள்வோம். ஒவ்வொரு புரட்டாதி முடிவிலும் பச்சை உடுப்போடு நீளப் பையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிடுவார். ஒரு கிழமை கழித்து எங்கள் கதவைத் தட்டி, கடதாசியில் சுற்றிய எல்க் மான் இறைச்சித் துண்டு தருவார். நான் அதைப் பிரட்டல் கறியாக்கி ஒரு கிண்ணம் மேலே கொடுத்தனுப்புவேன். அந்தப் பை என்ன என்று தெரிந்தும் நான் ஒருநாளும் கேட்டதில்லை. இந்த முறை கேட்டேன். அவர் முகம் மலர்ந்தது. “வா, காட்டுகிறேன்” என்றார்.

படுக்கையறை மூலையில், தரையோடு முடுக்கிய இரும்பு அலுமாரி. வேட்டைத் துவக்கு வைத்திருக்கிறவர்கள் இப்படிப்பட்ட அலுமாரியில்தான் பூட்டி வைக்கவேண்டும் என்பது நோர்வேச் சட்டம். உள்ளே இரண்டு துவக்குகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

ஒன்று அவருடைய பாட்டனாரின் கிராக். உடலின் இடது பக்கத்தில் கிரீடம் தரித்த ‘கே’ எழுத்து, அதாவது கொங்ஸ்பெர்க், பக்கத்தில் 1906. படையில் இருந்து விலகிய துவக்கைப் பாட்டனார் வாங்கி, முன்பக்க மரத்தை அறுத்துக் குறைத்து வேட்டைக்கு ஏற்றமாதிரி ஆக்கியிருக்கிறார். மற்றது அவர் இப்போது காட்டுக்குக் கொண்டுபோவது: பின்லாந்தில் ரீகிமாக்கி நகரத்தில் சாக்கோ தொழிற்சாலை செய்யும் டிக்கா. கறுப்புப் பிளாஸ்டிக் பிடி, துருப்பிடிக்காத உருக்கு, குழாய் நுனியில் சத்தம் அடக்கி. சத்தம் அடக்கி என்றால் நமக்குச் சினிமாவில் வரும் கொலையாளிதான் நினைவுக்கு வருவான். இங்கே அது வேட்டைக்காரரின் காதுக்குப் பாதுகாப்பு; கிட்டத்தட்ட எல்லோரிடமும் இருக்கிறது.

இரண்டுக்கும் இடையே நூறு வருடம். இரண்டும் சுடுவது அதே ஆறரை மில்லிமீற்றர் தோட்டா. பழையதுக்குப் பலம் குறைந்த மருந்து போட்டதைத்தான் கொடுக்கவேண்டும் என்றார் பெரியவர். வயதானவருக்கு உப்பில்லாக் கஞ்சி கொடுப்பது போல. உள்ளே நடக்கிற காரியம் ஒன்றே. மேலே, பின்னே, முன்னே, கீழே.

செய்யும் விதம்தான் தலைகீழாக மாறிவிட்டது. கிராக்கின் உடல், உலையில் அடித்தெடுத்த உருக்குக் கட்டி. அதை ஒரு கடைசல் யந்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி, ஒவ்வொரு யந்திரத்திலும் ஓர் ஆள் ஒரே ஒரு வெட்டை வெட்டி, இடையிடையே அளவுத்தகடு வைத்துப் பார்த்து, கடைசியில் அரத்தால் தேய்த்துப் பொருத்துவார்கள். குழாயின் உள்ளே ரவையைச் சுழலவைக்கும் புரிகளை ஒரு கொக்கிக் கத்தி ஒவ்வொன்றாக, மயிரிழை மயிரிழையாகச் சுரண்டி எடுக்கும். இன்றைக்குக் குழாயின் உள்ளே புரிகளின் அச்சைக் கொண்ட ஒரு கடின உருக்குத் தண்டைச் செருகி, வெளியே நாலா பக்கமும் சுத்தியல்களால் குளிர்ந்த நிலையிலேயே அடிக்கிறார்கள். உருக்கு நீண்டு, மெலிந்து, உள்ளே புரி தானாகப் பதிந்துவிடும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஜேர்மனியில் வளர்ந்த முறை இது. சில நிமிடத்தில் ஒரு குழாய். உடலைக் கணினி ஓட்டும் வெட்டு யந்திரம் ஒரே பிடியில் வெட்டி முடித்துவிடும். ஒரு டிக்காவின் திறாங்கைக் கழற்றி அதே மாதிரி இன்னொன்றில் போட்டால் ஓடும் என்றார் பெரியவர். பாட்டனாரின் கிராக்கில் திறாங்கிலும் உடலிலும் ஒரே இலக்கம் பொறித்திருந்தது. அவை ஒன்றுக்கொன்று தேய்ந்து இணங்கியவை, மாற்றிப் போடக்கூடாது.

இரண்டையும் கையில் தூக்கிப் பார்த்தபோது எனக்கு வந்த எண்ணத்தை மறைக்காமல் சொல்கிறேன். டிக்கா நல்ல சாமான். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கிராக்கில் ஓர் ஆள் இருக்கிறான். கதவின் விளிம்பை அரம்போட்டு மழுக்கிய கொங்ஸ்பெர்க் தொழிலாளி ஒருவனின் பொறுமை அந்த இரும்பில் இன்னும் இருக்கிறது. படைக்குச் செய்த சாமானுக்கு அந்த மழுக்கல் அவ்வளவு அழகாக இருக்கவேண்டிய தேவை இல்லை. நூறு வருடத்துக்குப் பிறகும் ஆட்கள் இதைத் தேடி வாங்குவதற்கு எனக்குத் தெரிந்த முதற் காரணம் அதுதான்.

இந்த ஆசை நோர்வேயோடு நிற்கவில்லை. ஜேர்மனியின் இஸ்னி நகரத்தில் மௌசர் நிறுவனம் தன் 1898ஆம் வருடத்துத் திறாங்கைத் திரும்பவும் செய்கிறது; லண்டனில் ரிக்பி நிறுவனம் அதை வாங்கி விலையுயர்ந்த வேட்டைத் துவக்கு கட்டுகிறது. செர்பியாவின் ஸஸ்தாவா தொழிற்சாலை மௌசர் வழியில் வந்த வேட்டைத் துவக்குகளைச் செய்கிறது. எங்கள் பக்கத்துக்கு வந்தால், கொல்கத்தாவுக்குக் கிட்ட ஹூக்ளி ஆற்றங்கரையில் இச்சாப்பூர் துவக்குத் தொழிற்சாலை. வெள்ளைக்காரன் காலத்தில் த்ரீ நாட் த்ரீ செய்த இடம். 1962இல் இமயத்துப் பனியில் இந்தியப் படை அந்தப் பழைய துவக்கோடு சீனர் முன் நின்றது. அதன்பின் உருக்கை மாற்றி 7.62 மில்லிமீற்றர் தோட்டாவுக்கு அதே திறாங்கை மீண்டும் வார்த்தார்கள். இந்தியாவில் பொதுமக்கள் படைத்தோட்டா வைத்திருக்க முடியாது என்பதால் .315 என்று வேறு விட்டத்தில் அதே வகைத் துவக்கு இன்றும் அங்கே உருவாகி விற்பனையாகிறது. உத்தரப்பிரதேசப் பொலிஸ் த்ரீ நாட் த்ரீக்கு முறைப்படி விடைகொடுத்தது 2020 குடியரசு தினத்தில்தான். அதற்கு முன், 2008 நவம்பரில், மும்பை ரயில் நிலையத்தில் அந்தத் துவக்கோடும் தடியோடும் காவலர்கள் தாக்க வந்த பயங்கரவாதிகளின் தானியங்கித் துவக்குகளின் முன்னால் நின்றதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது. பழமை எல்லா இடத்திலும் அழகல்ல. அருங்காட்சியகத்துக்குப் போகவேண்டியதை ஏழைக் காவலனின் தோளில் விட்டுவைப்பது கொடுமை.

குளிர் நாடுகளில் கதை வேறு. கனடாவின் வடக்கே பழங்குடி மக்கள் பெருமளவில் சேவை செய்யும் ரேஞ்சர் படைக்கு 1947 முதல் லீ என்ஃபீல்ட், அதாவது அந்தத் த்ரீ நாட் த்ரீ துவக்குத்தான். எழுபது வருடம் கழித்து மாற்றியபோதும் தானியங்கிக்கு மாறவில்லை. பெரியவர் வைத்திருக்கும் அதே டிக்கா வகையில் சிவப்பு மரப்பிடி போட்ட ஒன்றை எடுத்தார்கள். கிறீன்லாந்தில் நாய்வண்டியில் ரோந்து போகும் டென்மார்க்கின் சிரியுஸ் அணி, முதல் உலகப்போர்க் கால 1917 மாதிரித் துவக்கைப் பல பத்தாண்டுகளாகத் தோளில் வைத்திருந்தது. எண்ணெய் உறையும் குளிரில் வாயுவையும் சிறு வில்லுகளையும் நம்பமுடியாது. மனிதக் கை ஒன்றுதான் எந்தக் குளிரிலும் அசையும்.

நோர்வேயில் இந்தத் துவக்கு படையைவிட்டு ஊருக்குள் வந்ததற்கு இன்னொரு வழியும் இருந்தது. 1893இல் நாடாளுமன்ற ஆதரவோடு தன்னார்வச் சுடுவோர் அமைப்பு உருவானது. நாட்டைக் காக்க ஒவ்வொரு கிராமமும் சுடத் தெரிந்திருக்கவேண்டும் என்ற எண்ணம். இன்றைக்கு அது பெரிய விளையாட்டு இயக்கம். தேசியப் போட்டியில் வெல்பவரைச் ‘சுடுவோர் அரசன்’ என்று பட்டஞ்சூட்டி நாற்காலியில் தூக்கிச் செல்கிறார்கள். 25 விநாடிக்குள் எத்தனை ரவை இலக்கில் படுகிறது என்று ஒரு போட்டி. அங்கேதான் கிராக்கின் வழுக்கும் திறாங்குக்குப் பெயர். 1990களின் தொடக்கத்தில் ஜேர்மனியின் சவர் நிறுவனம் ஸ்கண்டிநேவியச் சுடுவோருக்கென்றே புதிய துவக்கைச் செய்து கொடுக்கும்வரை கிராக்கும் மௌசரும் திடலில் நின்றன. பெரியவரின் தந்தையும் அப்படிப் போட்டிக்குப் போனவர். சுவரில் ஒரு வெள்ளிக் கரண்டி தொங்கியது. அவர் வென்ற பரிசு.

பேச்சு அந்த இடத்தில் நின்றது. பெரியவர் தானாகவே அடுத்ததைத் தொட்டார். 2011 ஜூலை 22. ஒஸ்லோ நடுவில் ஒருவன் வைத்த குண்டு, பிறகு உத்தோயா தீவில் அவனே சுட்ட சூடு. 77 உயிர்கள், அவற்றில் 69 தீவில், பெரும்பாலும் இளையவர்கள். தண்ணீரில் குதித்து நீந்தித் தப்பியவர்களில் எங்கள் பிள்ளை கம்ஷாஜினி குணரத்தினமும் ஒருவர்; நாலு வருடம் கழித்து அவர் ஒஸ்லோவின் துணை மேயரானார். அன்று மாலை குரூறுத் பள்ளத்தாக்கின் ஒவ்வொரு தமிழ் வீட்டிலும் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது எனக்கு நினைவிருக்கிறது. போரை விட்டு ஓடிவந்த நாட்டிலும் பிள்ளையைத் தேடுகிறோமே என்று ஒரு தாய் எங்கள் வரவேற்பறையில் அழுதார்.

அந்தக் கொலைகாரன் கையில் இருந்தது விசையை அழுத்த அழுத்தத் தானே அடுத்த ரவையை ஏற்றிக்கொள்ளும் வகை. 2018இல் நோர்வே புதிய ஆயுதச் சட்டத்தை இயற்றியது. 2021 ஜூன் முதலாம் திகதி அது நடைமுறைக்கு வந்தது. வேட்டைக்கு அனுமதித்திருந்த அவ்வகை அரைத்தானியங்கித் துவக்குகளில் பலவற்றைத் தடை செய்தது. திறாங்குத் துவக்கு நின்றது.

“என் பாட்டனின் துவக்கில் ஒரு ரவைக்கும் அடுத்த ரவைக்கும் நடுவில் கை நாலு தரம் அசையவேண்டும்” என்றார் பெரியவர். “அந்த நேரத்துக்குள் எல்க் ஓடிவிடும். ஓடட்டும்.”

ஒவ்வொரு வருடமும் வேட்டைக்கு முன் அவர் தேர்வு எழுதாத குறையாகச் சுடுதிடலுக்குப் போகவேண்டும். முதலில் முப்பது பயிற்சிச் சூடு. பிறகு நூறு மீற்றரில் மிருகத்தின் உருவப் படத்தில் ஐந்து சூடு. ஐந்தும் நெஞ்சு வட்டத்துக்குள் விழவேண்டும். ஒன்று வெளியே போனாலும் அந்த முயற்சி தோல்வி. எழுபது வயதிலும் அவருக்கு விலக்கு இல்லை. அதை அவர் பெருமையோடு சொன்னார். முதற் சூட்டிலேயே விழவேண்டும், காயத்தோடு ஓடவிடக்கூடாது. இரண்டாவது ரவையை நம்பிச் சுடுகிறவன் வேட்டைக்காரன் இல்லை என்றார். இதே பேச்சைச் சொற்ப வித்தியாசத்தோடு வன்னியில் ஒரு கிழவர், இடியன் துவக்கு வைத்திருந்தவர், என் சிறுவயதில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவருடையது ஒரு தரம் சுட்டால் திரும்ப மருந்து இடிக்க நேரம் பிடிக்கும்.

கிராக்கை எடுத்து என்னிடம் நீட்டினார். கை தானாகப் பின்னால் போனது. என் வாழ்க்கையில் ஒரு துவக்கையும் தொட்டதில்லை என்று இருந்ததை ஒரு விரதம்போலக் காத்து வந்திருக்கிறேன். பக்கத்தில் நின்ற பெறாமகள், “தாங்கோ, முதல்ல நான் பாக்கிறன்” என்று பெரியவரிடம் நோர்வேஜிய மொழியிலும் என்னிடம் தமிழிலுமாகச் சொல்லி வாங்கிக்கொண்டாள். குழாயைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். திறாங்கைத் தூக்கி இழுத்தாள். உள்ளே பார்த்தாள். பார்த்ததோடு விடாமல் சுண்டுவிரலை ரவை கிடக்கும் இடத்துக்குள் விட்டுத் தடவினாள்.

“கண்ணால பாத்தால் காணாதோ?” என்றேன்.

“அங்க மாரியில சூரியனே இல்லைச் சித்தப்பா. இருட்டில கண்ணை நம்பேலாது. விரலை விட்டுத்தான் பாக்கோணும். நடக்கேக்க எப்பவும் குழாய் வெறுமையாத்தான் இருக்கோணும். ரவை கூட்டுக்குள்ள மட்டும்.”

“நீ சுட்டனியோ? கரடியை?”

“இல்லை. ஒருநாள் தூரத்தில கண்டனாங்கள். தாயும் குட்டியும். எல்லாரும் சத்தம் போடாமல் திரும்பி வந்திட்டம். துவக்கு தோளாலயே இறங்கேல்லை.”

பெரியவர் அவளுக்குத் தலையசைத்தார். அவள் துவக்கை என் கையில் வைத்தாள். நான் நினைத்ததைவிடப் பாரம். மரம் சூடாக இருந்தது, இரும்பு குளிர்ந்தது. மேலே தூக்கினேன். பின்னே இழுத்தேன், இழுத்தேன் என்றுகூடச் சொல்லமுடியாது, அது தானாக வந்தது. முன்னே தள்ளினேன், கீழே மடக்கினேன். ஆச்சியின் கதவுச் சத்தம். வலப்பக்கத்துச் சிறு கதவையும் திறந்து பார்த்தேன். உள்ளே எண்ணெய் மணம். பிறகு திறாங்கை மறுபடி இழுத்து, பெறாமகள் செய்தமாதிரியே சுண்டுவிரலை உள்ளே விட்டேன். ஒன்றும் இல்லை.

பெரியவர் கிராக்கை டிக்காவுக்குப் பக்கத்தில் நிறுத்தி, அலுமாரியைப் பூட்டி, திறப்பைச் சட்டைப்பைக்குள் போட்டார். கோப்பி கொதித்துக்கொண்டிருந்தது. அண்ணி கொடுத்துவிட்ட பயற்றம் பணியாரத்தைப் பெறாமகள் தட்டில் பரப்பினாள்.